காதில் விழுந்த பாட்டு

பால் பொங்கப் போவதை வாசனையில் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. கீழ்வீட்டு அக்கா சத்தத்தில் கண்டுபிடிப்பாள். பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பால் பெருமூச்சு விடுமாம். என்னிடம் இன்றுவரை ஒரு பாலும் பெருமூச்சு விட்டதில்லை. நேராக வழிந்து அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓயும்.

மதுரை ஆனையூரில் அக்கா வீட்டு மாடியில் நான் சில வருஷம் குடியிருந்தேன். எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். கணினியில், வீட்டிலிருந்தே செய்கிற வேலை. ஊரில் நெட் கிடைக்காது என்பதற்காக மதுரைக்கு வந்து அறையெடுத்தவள். அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், என்னடி என்னையப் போயி எழுதி வச்சிருக்க என்று போன் வரும். போன் வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் அவளுக்கு கிளார்க் வேலை. நாற்பதைத் தாண்டியிருந்தாள். வேகமான நடை, அதைவிட வேகமான பேச்சு. ஆனால் அவளைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவள் காதுதான். அது எப்போதும் திறந்தே இருக்கும். கார்ப்பரேஷன் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று சீறுமே, அதை எங்கள் தெருவில் முதலில் கேட்பது அவள்தான். "தண்ணி வருதூ" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், பத்து வீட்டுக் குடங்களும் உருளும். படியேறி வருகிறவரைப் பார்க்காமலே யாரென்று சொல்லிவிடுவாள். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து, தண்ணீர் குடிக்க எழுந்தவள் சொம்பைத் தவறவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வாசலில் நின்றாள். சொம்பு விழுந்த சத்தம் கேட்டதாம். அது போகட்டும், எடுத்து வைத்த சத்தம் கேட்கவில்லையாம், அதனால்தான் வந்தாளாம். அன்று கஞ்சி வைத்துக் கொடுத்து, நான் தூங்குகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போனாள்.

அப்படிப்பட்ட காதுக்கு அந்த வீட்டில் கேட்கக் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய மாமனாரின் பேச்சு.

வீட்டில் மூன்று பேர்: அக்கா, அவள் கணவர், கணவரின் அப்பா. கணவரை நான் அண்ணே என்பேன்; உதிரி பாகக் கடையில் வேலை, பரம சாது. பெரியவர் கோவில் பாடற்குழுவில் வெகுகாலம் ஆர்மோனியம் வாசித்தவர். யாராவது சுருதி விலகிப் பாடினால் பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வார் என்று அண்ணன் சொல்வார். அது கத்தோலிக்க வீடு. அக்காவோ புராட்டஸ்டன்ட். எங்கள் ஊரில் எங்களுக்கு ரெண்டும் வேதக்கோவில்தான், ரெண்டிலும் கேக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால்தான், பங்காளிச் சண்டை எப்போதும் பக்கத்து ஊர்ச் சண்டையைவிடக் காரம் என்று புரிகிறது. இவர்கள் காதலித்தார்கள். கல்யாணம் யார் கோவிலில் என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் பெண் வீட்டுக் கோவிலில் நடந்தது. பெரியவர் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கேட் வரைக்கும் வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் உள்ளே வந்தாராம். பிரியாணி என்ன சபை என்று யார் பார்ப்பது என்று அக்கா சிரிப்பாள்.

அன்றிலிருந்து அவர் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமாகப் பார்க்கவும் மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். எல்லாம் மகன் வழியாக வரும்: அப்பா சொல்லச் சொன்னார். மகன் வீட்டில் இல்லாதபோது வருவதற்கு இன்னொரு வழி இருந்தது. எவர்சில்வர் டம்ளர். கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் டம்ளர். அதை அழுத்தி வைத்தால் காபி. உருட்டினால் வெந்நீர். தொண்டையைச் செருமினால் வாசலில் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். அம்புட்டுத்தான் அவர்களுக்குள் பாஷை.

"திட்டக்கூட மாட்டேங்குறாருடி. திட்டுனாலும் அது ஒரு பேச்சுல்ல?" என்றாள் ஒருநாள் என்னிடம். எப்படியாவது அவர் வாயிலிருந்து தன்னைப் பார்த்து ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசை இல்லை. அதற்காக ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடாமல் வைத்தாள். உப்பு எங்கே என்றாவது கேட்கட்டும் என்ற கணக்கு. மனுசன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோற்றை முழுக்கத் தின்றுவிட்டு, கை கழுவி, நாற்காலிக்குப் போய் டம்ளரை அழுத்தி வைத்தார். உப்பில்லாத குழம்பை மிச்சம் வைக்காமல் தின்றது அண்ணன்தான். அவரும் வாய் திறக்கவில்லை, அவருக்குப் பழக்கம்.

பெரியவருக்கு வீட்டில் சத்தம் ஆகாது. டிவி முணுமுணுக்கத்தான் வேண்டும். மிக்சியை அவர் காலைப் பூசைக்குப் போயிருக்கும்போது ஓட்டிவிட வேண்டும். பாட்டு என்றால் கோவிலோடு சரி. அக்கா வளர்ந்தது நாகமலை புதுக்கோட்டையில், விடிந்ததும் ரேடியோவைத் திருகிவிட்டு அப்புறம் பல் துலக்குகிற வீட்டில். பாட்டுக் கேட்காமல் வெங்காயம் உரித்தால் கண் கூடுதலாக எரியும் என்று சொல்கிறவள். அண்ணன் இரக்கப்பட்டு அவளுக்கு ஒரு ஹெட்போன் வாங்கி வந்தார். காதை அடைத்து மூடுகிற வகை. மாட்டிவிட்டால் உலகம் கிடையாது.

அக்காவுக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை. காதுக்குள்ள இட்லி வேகுது என்றாள். மதுரை வெயிலுக்கு அது பொய்யில்லை. ஆனாலும் பாட்டு ஆசையில் ரெண்டு மூன்று நாள் மாட்டிக்கொண்டு சமைத்தாள். ஒரு சாயங்காலம் பெரியவர் டம்ளரை அழுத்தி வைத்திருக்கிறார். மறுபடி வைத்திருக்கிறார். முக்காலியே உடைகிற மாதிரி வைத்திருக்கிறார். அக்கா உள்ளே பாட்டோடு சேர்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனுசன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய், எல்லாரும் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிட்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? ஜெபக்காரி மருமகளாக வந்து மாமனாருக்குக் காபித்தண்ணி கிடைக்கவில்லை என்று ராத்திரிக்குள் தெருவே பேசியது. அக்கா அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஹெட்போன் பீரோ மேலே ஏறிவிட்டது.

அப்போதுதான் நான் சொன்னேன், முதுகு திறந்த ஹெட்போன் என்று ஒரு வகை இருக்கிறது அக்கா என்று. ஓப்பன் பேக் என்பார்கள். காதுமேல் உட்காரும் வட்டத்துக்கு வெளிப்பக்கம் மூடி கிடையாது, டீ வடிகட்டி மாதிரி வலைதான். காற்றுப் போகும், காது வேகாது. வெளிச்சத்தமும் உள்ளே வரும். டம்ளர் கேட்குமா என்று கேட்டாள். கேட்கும் என்றேன். அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வெளியே இருப்பது உள்ளே வந்தால், உள்ளே இருப்பது வெளியேயும் போகும் அக்கா, பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டு கேட்கும் என்று நான் தெளிவாகச் சொன்னேன். டம்ளர் கேக்குதுல்ல, அது போதும் என்றாள். அண்ணன் விலையைப் பார்த்துவிட்டு, ஓட்டை போட்டதுக்கா இம்புட்டு என்றார். வாங்கியும் கொடுத்தார்.

வந்த அன்று அவளே ஒரு சோதனை வைத்தாள். என் தலையில் ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே அந்த வீட்டு மின்விசிறி கடகடவென்று மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா, ஒண்ணும் கேக்கல. உனக்கு எல்லாம் தெரியும்னு பேசுற," என்று என் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அம்புட்டுப் பெரிய காதுக்காரி, மின்விசிறியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்கப்புறம் அந்த ஹெட்போன் இல்லாமல் அக்காவைப் பார்க்க முடியாது. போனை இடுப்பில் செருகி, வயரை முந்தானைக்குள் விட்டு, தலையில் பெரிய வட்டங்கள் ரெண்டோடு வெண்டைக்காய் நறுக்குவாள். மல்லிகைப்பூ ஒரு பக்கம் நசுங்கிக் கிடக்கும். காதில் பாட்டு ஓடும்போதே பால்காரரிடம் பேசுவாள், குக்கர் விசில் எண்ணுவாள், டம்ளர் சத்தத்துக்குக் காபி ஆற்றுவாள். நான் நாளெல்லாம் மாட்டியிருக்கிற மூடின ஹெட்செட்டைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். "காத மூடிக்கிட்டுப் பாட்டுக் கேக்குறது, மூக்கப் பிடிச்சிக்கிட்டுப் பிரியாணி திங்குற மாதிரிடி," என்பாள். அவளுக்குப் பாட்டு மட்டும் தனியாகக் கேட்டால் போதாது. பாட்டோடு வீடும் கேட்க வேண்டும்.

தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். அக்கா அதை லெந்து என்பாள், அந்த வீட்டில் தவக்காலம். பெயரில்கூட ஒற்றுமை இல்லை. மகன் வழியாகச் சட்டம் வந்தது: கறி மீன் கிடையாது, தலைக்குப் பூ கிடையாது, சினிமாப் பாட்டு வாடையே கூடாது. முதல் ரெண்டையும் அக்கா சொன்னபடி செய்தாள். மூன்றாவதைக் கேட்டதும் மாடிக்கு ஏறி வந்து என்னிடம் நியாயம் பேசினாள். "கறிய விட்டேன், பூவ விட்டேன். பாட்டையும் விட்டா ஆண்டவருக்கே என்னைய அடையாளம் தெரியாதுடி." ஹெட்போனுக்குள் ஓடுவது தனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்தத் தவக்காலத்தில் பெரியவரும் ஒன்றை விட்டார். காற்றை. சாயங்காலம் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அடுப்படிக்குள் போனதும் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிடுவார். மார்ச் மாதம், மதுரை. வேர்த்து வடிய அப்படியே உட்கார்ந்திருப்பார். ஜன்னலோரம் கிடந்த நாற்காலியையும் அடுப்படி வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் கண் கூசுகிறது என்று மகனிடம் சொன்னாராம். அக்கா உருகிவிட்டாள். "பாருடி, இந்த வயசுல காத்தக்கூட ஒறுத்து உக்காந்திருக்காரு. எம்புட்டு பக்தி. நான் என்னடான்னா டூயட் கேட்டுக்கிட்டு இருக்கேன்." சொல்லும்போது குற்ற உணர்ச்சிதான். ஆனால் டூயட்டை நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. கீழே இறங்கிப் போய் அக்காவோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அக்கா தலையில் ஹெட்போன். மின்விசிறி ஓடவில்லை. தெருவும் வெயிலில் அடங்கிக் கிடந்தது. பாட்டு எனக்குத் தெளிவாகக் கேட்டது. சன்னமாக, ஆனால் ஒரு வரி விடாமல். பழைய சினிமா டூயட், நடுவில் ஆர்மோனியம் கொஞ்சுகிற பாட்டு. சொல்லலாமா என்று நிமிர்ந்தபோது பெரியவரின் கை கண்ணில் பட்டது. நாற்காலிக் கைப்பிடியில் வலது கை விரல்கள் நடந்துகொண்டிருந்தன. ஏறின, இறங்கின, ஓரிடத்தில் நடுங்கி நின்றன. அவர் கண்ணை மூடியிருந்தார். பாட்டில் ஆர்மோனியம் வந்த இடத்திலெல்லாம் அந்த விரல்களும் வாசித்தன.

அக்காவின் முழங்காலைக் கிள்ளி, கண்ணால் காட்டினேன். அவள் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள், தலைக்கு மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படக்கென்று ஹெட்போனைப் பிடுங்கிப் பாட்டை நிறுத்தினாள். தவக்காலத்தில், பாடற்குழுக்காரர் வீட்டில், அவருக்குப் பக்கத்திலேயே இத்தனை நாளும் டூயட் ஓட்டியிருக்கிறாள். இனிமேல் இந்த மனுசன் இந்த ஜென்மத்தில் பேச மாட்டார், எல்லாம் போச்சு என்று என் காதில் முனகினாள்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். டம்ளரை அழுத்தி வைத்தார்.

அக்கா விழுந்தடித்து எழுந்து காபி போட்டாள். முக்காலியில் வைத்துவிட்டு வந்தாள். அவர் அதைத் தொடவில்லை. பழைய காலி டம்ளரை உருட்டினார். வெந்நீர் போனது. அதையும் தொடவில்லை. தொண்டையைச் செருமினார். நான் ஓடிப்போய் வாசலைப் பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை. இன்னும் பலமாகச் செருமினார். அக்கா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவரிடம் இருந்த சத்தமெல்லாம் தீர்ந்துபோயிற்று. அவருக்கு வேண்டியதைச் சொல்ல டம்ளரில் வழியில்லை. அது அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்கும். துண்டால் நெற்றி வேர்வையைத் துடைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னார்.

"அந்தப் பாட்டு பாதியில நிக்குது."

பால் பெருமூச்சு விடுவதைக் கேட்கிறவள், இதைக் கேட்டோமா இல்லையா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"மாமா, தவக்காலம்..." என்று இழுத்தாள்.

"அதுக்கு? நான் எங்க பாட்டுக் கேட்டேன்? காதுல விழுந்துச்சு. விழுறதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

சட்டப்படி சரிதான். நோன்பு இருக்கிறவர் கேட்கக் கூடாது. காதில் விழுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே இடத்தில் உட்கார்ந்து, நின்ற இடத்திலிருந்து பாட்டைப் போட்டாள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் கண்ணீர் வடிகிறது, ஒரு பக்கம் சிரிப்பு முட்டுகிறது, கையிலே புளி. துடைக்கவும் முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று எடுத்த புளியில் பாதிக் கொட்டை அப்படியேதான் இருந்தது.

ராத்திரி விஷயத்தைக் கேட்ட அண்ணன் நம்பவில்லை. அப்பாவிடமே போய்க் கேட்டிருக்கிறார். அப்பா தொண்டையைச் செருமினாராம், அதுதான் பதில்.

மறுநாளிலிருந்து எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. காபிக்கு டம்ளர்தான். ஆனால் சாயங்காலமானால் மின்விசிறி நிற்கும், நாற்காலி அடுப்படி வாசலுக்கு வரும், அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். பாவம் மனுசர் வேர்த்து வடிகிறாரே என்று அக்கா ஒருமுறை மின்விசிறியைப் போட்டதற்கு, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் போடட்டுமா மாமா என்று கேட்டதற்கு, தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். ஸ்பீக்கரில் போட்டால் அது கேட்டதாக ஆகிவிடும்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா தலையில் முழம் முழமாக மல்லிகை. சாப்பிட்டு முடித்து அண்ணன் பாயை விரித்துப் படுத்துவிட்டார். நோன்புதான் முடிந்துவிட்டதே என்று அக்கா ஹெட்போனை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரிடம் நீட்டினாள். இன்னைக்காச்சும் நல்லா முழுசாக் கேளுங்க மாமா என்றாள். அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் அதை அவள் கையிலேயே கொடுத்தார்.

"நான் மாட்டிக்கிட்டா உனக்கு வேணாமா? நீ மாட்டிக்கிட்டு இங்கன உக்காரு தாயி. எனக்கு விழுறது போதும்."

தாயி என்றதைக் கேட்டுப் பாயில் படுத்திருந்த அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்கா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். மல்லிகை நசுங்கியது. பாட்டு ஓடியது. நான் மாடிக்குப் போக எழுந்துவிட்டேன். பெரியவரின் விரல்கள் கைப்பிடியில் நடந்துகொண்டிருந்தன. பாட்டுக்கு நடுவில், அவளைப் பார்க்காமலே, தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு ஒருநாள் கொழம்புல உப்பே இல்ல. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"தெரியும் மாமா," என்றாள் அக்கா, ஹெட்போனைக் கழற்றாமலே.